ரேஸ்கோர்ஸ் சனிச் சந்தை: ஓலை, தறி, மெழுகு, சவர்க்காரம் – எதை நம்பி வாங்கலாம்?

கொழும்பு 7, ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் சனிக்கிழமைகளில் கூடும் குட் மார்க்கெட்டை மரக்கறியும் சிவப்பரிசியும் வாங்கும் இடமாகத்தான் பலர் அறிந்திருக்கிறார்கள். கைவேலைச் சாமானுக்காக அங்கே போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஆனால் எதைத் தொட்டுப் பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். 2012 இல் தொடங்கிய இந்தச் சந்தையில் நினைத்தவுடன் யாரும் மேசை போட முடியாது. விண்ணப்பித்துத்தான் இடம் எடுக்கவேண்டும். பல மேசைகளுக்குப் பின்னால் செய்தவரோ அவருடைய வீட்டாரோ நிற்பார்கள். காலி வீதிக் (Galle Road) கடைகளில் கிடைக்காத வசதி அது. இந்த மதிப்பீடு அந்த வசதியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியது.

இப்படியான மேசைகள் கொழும்பில் கூடியதற்கு ரசனை மாறியது மட்டும் காரணமில்லை. 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. அதே வருடம் பத்திக் (மெழுகிட்டுச் சாயத்தில் தோய்க்கும் துணி), கைத்தறி, உள்ளூர் ஆடை உற்பத்திக்கென்று தனி இராஜாங்க அமைச்சும் உருவானது. 2022 இன் முதற்பாதியில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது, வெளிநாட்டுப் பரிசுப்பொருள் வாங்கிப் பழகியவர்கள் உள்ளூர்ச் சாமான் பக்கம் திரும்பினார்கள். சம்பளம் போதாமல் போன வீடுகளில் கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆனால் கைத்தறிக்கு வேண்டிய நூலும், பத்திக்குக்கு வேண்டிய சாயமும் வெளியிலிருந்துதான் வருகின்றன. “உள்ளூர்ச் சாமான்தானே, ஏன் இந்த விலை?” என்று மேசைக்கு முன்னால் நின்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பனையோலை, கைத்தறி, பத்திக், சவர்க்காரம் என்று நாலு வகையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். நாலிலும் பழுது வரும் இடம் ஒன்றுதான். கை பிழைப்பது குறைவு. காயவேண்டியது காயமுன், கழுவவேண்டியது கழுவித் தீரமுன் சாமான் விற்பனைக்கு வந்துவிடுவதுதான் வழமையான கோளாறு. வாங்குகிறவர்கள் கூடக் கூட, முதலில் வெட்டுப்படுவது அந்தக் காத்திருப்பு நேரம்தான்.

பனையோலையில் இது கண்ணுக்கே தெரியும். நல்ல பெட்டிக்கு வேண்டியது சார்வோலை, அதாவது இன்னும் விரியாத இளம் ஓலை. பனை மாதத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் புது ஓலை விடும். ஒரே மரத்தில் அடிக்கடி வெட்டினால் மரம் இளைத்துவிடும். வெட்டிய ஓலையைப் பிரித்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுத்த பிறகுதான் பின்னல் தொடங்குகிறது. வெயிலில் ஒழுங்காகக் காய்ந்த ஓலை பால்நிறமாகவும், தட்டினால் சலசலப்பாகவும் இருக்கும். பச்சை மணம் அடித்தாலோ, சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தாலோ அந்தப் பெட்டியை வைத்துவிடுங்கள். அந்தப் புள்ளி பூஞ்சணம். ஓலையின் நாருக்குள் இறங்கிய பிறகு அது துடைத்தாலும் போகாது. சாயம் போட்ட பெட்டியில் புள்ளி மறைந்திருக்கும் என்பதால் மூடியைத் திறந்து, உட்பக்கம் மூக்கை வைத்து மணந்து பாருங்கள்.

அடுத்ததாகப் பெட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓலை வளையவேண்டும் என்பதற்காகப் பின்னும்போது தண்ணீர் தெளிப்பார்கள். அளவுக்கு மிஞ்சி நனைத்துப் பின்னினால், காய்ந்ததும் ஒவ்வொரு வாரும் சுருங்கி நடுவில் இடைவெளி விழும். ஊசிமுனையளவு வெளிச்சம் அங்கங்கே தெரிந்தால் பரவாயில்லை. பெட்டி முழுக்க வரிசையாக ஓட்டை தெரிந்தால் அது ஈரத்தில் பின்னி அவசரத்தில் முடித்தது. இன்னும் சில மாதத்தில் நெகிழ்ந்துவிடும்.

விலை ஏன் இப்படி வேறுபடுகிறது என்பதற்கு வாரின் அகலம்தான் பதில். 10 மில்லிமீற்றர் அகல வாரில் பின்னிய பெட்டியையும் 5 மில்லிமீற்றர் வாரில் பின்னிய பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகலம் பாதியானால் அதே பரப்பில் ஓலை ஒன்றையொன்று கடக்கும் இடங்கள் நாலு மடங்காகும். கையால் தூக்கி, செருகி, இறுக்கவேண்டிய தடவையும் நாலு மடங்கு. இரட்டை விலை சொன்னால் அது மலிவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஓலைச் சாமான் முதலில் உடைவது விளிம்பிலும் அடி மூலையிலும்தான். விளிம்பில் ஓலையின் முனைகள் உள்ளே மடித்து, குறைந்தது மூன்று நாலு பின்னலுக்குள் செருகப்பட்டிருக்கவேண்டும். கடகம் போலப் பாரம் தாங்குவதாக இருந்தால் பின்னல் இரட்டை, விளிம்பைச் சுற்றி நாரால் கட்டியிருக்கும். நாருக்குப் பதில் பசையால் நாடா ஒட்டியிருந்தால் அது அலங்காரப் பெட்டி. தேங்காயும் வெங்காயமும் போடும் பெட்டியில்லை. கைப்பிடி உள்ள பைகளில் பிடி தைத்திருக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஓலையில் மட்டும் ஊசி போட்டுத் தைத்தால், துளைகள் வரிசையாக விழுந்து அந்தக் கோட்டில்தான் ஓலை கிழியும். உள்ளே துணியோ தோலோ வைத்து, அதையும் சேர்த்துத் தைத்திருந்தால்தான் பை நிலைக்கும். இப்போது மடிக்கணினிப் பை, தோள்பை என்று வருகிற பலவற்றில் ஓலை வேலை அருமையாக இருக்கிறது, பிடி வேலைதான் காலை வாருகிறது. தோல் வேலை தெரிந்த ஒருவரோடு ஓலை வேலை செய்கிறவர் சேர்ந்து செய்த பைகள் தனியாகத் தெரிகின்றன. அவற்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தவறில்லை.

நீத்துப்பெட்டி வாங்குகிறவர்கள் சாயம் போட்டதைத் தொடவே வேண்டாம். சுளகும் அப்படியே. புது நீத்துப்பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு தடவை வெறும் ஆவியில் வைத்து எடுத்த பிறகு மாவைப் போடுங்கள். ஓலைப் பச்சை மணம் புட்டில் ஏறாது. அவித்த உடனே கழுவி, கவிழ்த்து வைக்காமல் தொங்கவிடவேண்டும். கவிழ்த்தால் கூரான முனையில் ஈரம் தேங்கி அங்கிருந்துதான் உக்கும்.

கொழும்பில் ஓலைச் சாமானுக்குப் பெரிய எதிரி காற்றின் ஈரம். யாழ்ப்பாணத்து அடுப்படியில் வருடக்கணக்காக இருக்கும் பெட்டி, வெள்ளவத்தை அடுக்குமாடி அலுமாரிக்குள் ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடும். பொலித்தீன் உறையில் சுற்றி வைப்பதுதான் நல்ல பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் மிகக் கெட்டது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. பெட்டியைத் திறந்த தட்டில் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை காலை வெயிலில் ஒரு மணித்தியாலம் போதும். நாள் முழுக்க வெயிலில் விட்டால் சாயம் வெளுக்கும், ஓலை முறியும். மேலாகப் பூத்திருந்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினாகிரியில் பிழிந்த துணியால் துடைத்து, காற்றில் காயவிடுங்கள். நெளிந்த பெட்டியை நேராக்க வேண்டுமென்றால் காய்ந்த ஓலையை வளைக்கவேண்டாம். தண்ணீர் தெளித்து அரை மணித்தியாலம் விட்டு, உள்ளே பழைய துணியை அடைத்து வடிவுக்குக் கொண்டுவந்து உலரவிடுங்கள்.

சந்தையில் உங்களுக்குப் பிடித்த அளவு இல்லையென்றால், 1978 இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையத்தைப் பாருங்கள். பம்பலப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிறது. வீட்டுப் பாவனைச் சாமானுக்கு அதுதான் எங்கள் முதல் தெரிவு. புது வடிவமைப்பு வேண்டுமென்றால் சனிச் சந்தை.

கைத்தறியில் ‘கைத்தறி’ என்ற துண்டுச் சீட்டை மட்டும் நம்பவேண்டாம். கரையைப் பாருங்கள். குறுக்கே ஓடுவது ஊடு நூல், அதைச் சுமந்து ஓடும் கட்டை நாடா. நாடா ஓடும் தறியில் ஊடு நூல் கரைக்குப் போய் அறுபடாமல் திரும்பி வரும். கரையில் ஊடு நூல் வெட்டுண்டு, சிறு மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தால் அது நாடா இல்லாத இயந்திரத் தறி. அந்தத் துணியைக் கைத்தறி என்று விற்க யாருக்கும் உரிமையில்லை. மூடிய கரை இருந்தால் மட்டும் கைத்தறி என்று முடிவுகட்டவும் முடியாது, நாடாவோடு ஓடும் பழைய விசைத்தறியிலும் அது வரும். அதனால் துணியை ஒரு மீற்றர் நீளத்துக்கு விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊடு நூலை நெருக்கும் சீப்புப் போன்ற பன்னையைக் கையால் அடிக்கும்போது அடியின் பலம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நெசவு மிக மெல்லிதாக நெருங்கியும் விலகியும் போகும். நல்ல நெசவாளரின் துணியில் அந்த வித்தியாசம் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். திடீரென்று ஒரு பட்டை ஐதாக இருந்தால், வேலையை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய இடத்தில் இழுவை சரிபார்க்கப்படவில்லை என்று அர்த்தம். அது பழுது, ‘கைவேலையின் அழகு’ என்று சொன்னால் ஏற்கவேண்டாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சென்ரிமீற்றருக்கு 20 ஊடு நூல் என்று வைத்தால், ஐந்தரை மீற்றர்ச் சேலையொன்றில் நாடா 11,000 தடவை ஓடவேண்டும். நீள நூலான பாவை ஓட்டுவது, அதைத் தறியின் விழுதுக் கண்களில் ஒவ்வொரு நூலாகக் கோர்ப்பது எல்லாம் அதற்கு முன்னால் தனி வேலை. அம்பாறை மாவட்டத்து மருதமுனையிலிருந்து வரும் சேலையையும் சாரத்தையும் விசைத்தறித் துணியின் விலைக்குக் கேட்டுப் பேரம் பேசுகிறவர்கள் இந்த 11,000 ஐ ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

சாயத்துக்கு ஒரு வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துப் போங்கள். ஒரு மூலையை நனைத்து, பிழிந்து, துணியின் ஓரத்தில் அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். கடுஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் கட்டாயம் சோதிக்கவேண்டும். இலேசான நிறம் ஒட்டினால் முதல் கழுவலில் போய்விடும். துணியின் நிறமே கைலேஞ்சிக்கு வந்தால், சாயமிட்ட பிறகு நூலைக் கழுவி முடிக்கவில்லை. நூலில் பிணையாத சாயம் மேலே தங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீரிலும் வினாகிரியிலும் ஊறவைத்தால் சாயம் பிடித்துவிடும் என்று வீடுகளில் சொல்வார்கள். பருத்தியில் அது பலிக்காது. உப்பு, சாயமிடும் தொட்டியில்தான் உதவும். வினாகிரி பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்துக்குரியது. தண்ணீர் தெளியும்வரை தனியாகத் திரும்பத் திரும்ப அலசுவது ஒன்றுதான் வழி.

பருத்திக் கைத்தறி முதல் தண்ணீரில் சுருங்கும். சட்டைக்குத் துணி எடுக்கிறவர்கள் மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் கூட்டி வாங்கி, ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்த பிறகு தையல்காரரிடம் கொடுங்கள். கஞ்சி போட்ட மொடமொடப்பை நெசவின் இறுக்கம் என்று எண்ணி ஏமாறவேண்டாம். ஓரத்தை இரு விரலுக்கிடையே கசக்கினால் கஞ்சி தூளாக உதிரும். அதன் பிறகு கையில் நிற்பதுதான் துணி.

இந்த வரிசையில் இரண்டு பெயரைச் சொல்லாமல் விடமுடியாது. பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கிய பெயர்ஃபுட், கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிறது. நிறச் சேர்க்கையில் கண்ணைப் பழக்கிக்கொள்ள ஒரு மணித்தியாலம் அங்கே செலவழிக்கலாம், வாங்காமல் வந்தாலும் பயன்தான். குருநாகலில் 1991 இல் தொடங்கிய செலின், நியாய வணிக முறையில் நெசவாளருக்குக் கூலி கொடுப்பதை முன்வைக்கும் நிறுவனம். விளையாட்டுச் சாமானும் வீட்டுத் துணியும் அவர்களிடம் நன்றாக இருக்கும். இரண்டின் கடைகளிலும் மேசைக்குப் பின்னால் நெசவாளரை நேரே காண்பது அரிது. அதற்குப் பதில், அடுத்த தடவை போகும்போதும் அதே தரத்தை எதிர்பார்க்கலாம்.

பத்திக்கில் ஏமாற்று அதிகம். மெழுகிட்டுச் சாயத்தில் தோய்த்த துணியில் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அச்சுத் துணியில் பின்பக்கம் வெளுத்திருக்கும். வெடிப்புக் கோடுகளையும் பாருங்கள்: உண்மையான மெழுகு வெடிப்பு இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வராது. ஒரே கோடு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. வெடிப்பு கூடுதலா குறைவா என்பது மெழுகின் கலவையைப் பொறுத்தது. பரபின் மெழுகு முறியும், தேன்மெழுகு வளையும். கோடுகள் துல்லியமாக வேண்டிய இடத்தில் தேன்மெழுகு கூட்டிப் போடுவார்கள். தேன்மெழுகு 62 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும், பரபின் அதற்கும் முன்னமே. அதனால் சாயத் தொட்டி குளிராகவே இருக்கவேண்டும். இளநிறத்திலிருந்து கடுநிறத்துக்கு, ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகு, தோய்ப்பு, உலர்த்தல் என்று வேலை திரும்புகிறது. நாலு நிறச் சேலை ஒரே நாளில் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கடைசி வேலை, கொதிநீரில் சவர்க்காரமும் சோடாவும் போட்டு மெழுகை எடுப்பது. அவசரத்தில் ஒரே தண்ணீரில் பல துணியை அவித்தால், மிதக்கும் மெழுகு அடுத்த துணியில் திரும்ப ஏறும். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் வெள்ளைத் தூள் வரும், துணி அங்கங்கே விறைப்பாக இருக்கும். வாங்கிவிட்டீர்கள் என்றால், அச்சில்லாத இரண்டு வெள்ளைத் தாளுக்கிடையே வைத்து இஸ்திரிக்கை போடுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படியாமல் வரும்வரை தாளை மாற்றவேண்டும்.

சவர்க்கார மேசைகளில் மணத்துக்கு மயங்காமல் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எந்தத் திகதியில் ஊற்றியது? கொதிக்கவைக்காமல் செய்யும் சவர்க்காரம் நாலிலிருந்து ஆறு கிழமை காற்றில் காயவேண்டும். முன்னதாக விற்றால் குளியலறையில் கரைந்து சேறாகும். அளவும் முக்கியம். 1 கிலோ தேங்காயெண்ணெய் முழுதாகச் சவர்க்காரமாக ஏறக்குறைய 183 கிராம் காஸ்ரிக் சோடா வேண்டும். தேங்காயெண்ணெய் மட்டும் போட்ட சவர்க்காரம் தோலை வறட்டும் என்பதால், நல்ல கைகள் 20 வீத எண்ணெயை மாறாமல் விடும் கணக்கில் 146 கிராம் அளவே போடும். இந்தக் கணக்கைத் தயங்காமல் சொல்கிறவரிடம் வாங்கலாம். “காஸ்ரிக் சோடாவே போடவில்லை” என்கிறவர் ஏற்கெனவே செய்த சவர்க்காரக் கட்டியை உருக்கி வார்த்திருக்கிறார். சோடாவை வேறொருவர் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இந்த நாட்டுக்கே காஸ்ரிக் சோடா செய்தது. போரில் அது நின்றபின் இறக்குமதிதான். செம்மஞ்சள் புள்ளி விழுந்த கட்டி எண்ணெய் சிக்கடித்தது, விடுங்கள். மேலே முத்து முத்தாக ஈரம் நின்றால் அது பழுதில்லை. கிளிசரின் கொழும்புக் காற்றின் ஈரத்தை இழுக்கிறது.

தும்முல்லைப் பக்கம் உள்ள அரசாங்க லக்சலவும், சந்தைக்குப் பக்கத்திலேயே ரீட் அவென்யூவில் இருக்கும் லக்பஹனவும் கைப்பணிப் பொருள் விற்கும் நிலையங்கள். முகமூடி, பித்தளை, அரக்கு வேலை போன்றவற்றை ஒரே இடத்தில் பார்க்க வசதியானவை. தும்பர ரட்டா கலால பாய் நெசவு 2021 இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. ‘ஹண’ என்ற கற்றாழை வகைச் செடியின் நாரில் நெய்யும் அந்த வேலையைத் தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

கலியாணத்துக்கோ பண்டிகைக்கோ மொத்தமாக ஓலைப்பெட்டி சொல்கிறவர்களுக்கு மாதம்தான் முக்கியம். வடக்கில் பெருமழை ஐப்பசியில் பிடித்து மார்கழி வரை நிற்கும். கொழும்பில் நத்தாருக்கும் தைக் கலியாணங்களுக்கும் பெட்டி கேட்பதும் அதே மாதங்களில்தான். வெயில் இல்லாத நாளில் காய்ந்த ஓலை உங்கள் வீட்டுக்கு வரும்போதே புள்ளியோடு வரும். ஓகஸ்ட்டில் சொல்லி, செப்டெம்பர் முடிய முன் பின்னி முடிக்கும்படி கேளுங்கள். அளவை ‘சின்னது, பெரிது’ என்று சொல்லாமல் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் எழுதிக் கொடுங்கள். நிறத்துக்குத் துணித்துண்டு கொடுங்கள், தொலைபேசிப் படத்தை நம்பவேண்டாம். மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அது சரியென்ற பிறகு பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். ஓலையும் சாயமும் அந்தப் பணத்தில்தான் வாங்கப்படும். 100 வேண்டுமென்றால் 105 சொல்லுங்கள், வழியில் நசிவது உண்டு. பெட்டிகள் வந்த அன்றே கட்டைப் பிரித்து, மூடிகளைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் பரப்பிவையுங்கள். பயிற்றம் பணியாரமோ முறுக்கோ வைப்பதாக இருந்தால் உள்ளே எண்ணெய் ஊறாத தாள் போடவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஓலையில் இறங்கி மறுநாளே வெளியே தெரியும்.